வைரஸ் எதிர்ப்பு மருந்து ரத்தப் புரதங்களோடு எப்படிப் பிணைகிறது? அளப்பது முதல் முடிவெடுப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எஸ்.சி.-52151 என்ற மூலக்கூறு எந்த மருந்துக் கடைக்கும் வந்ததில்லை. எச்.ஐ.வி.யின் புரோட்டியேஸ் நொதியைத் தடுப்பதற்காக 1990-களில் உருவானது அது. செல் வளர்ப்பில் வைரஸை நன்றாகவே அடக்கியது. நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ரத்தத்திலும் மருந்து தென்பட்டது. வைரஸ் மட்டும் குறையவில்லை. விசாரணை கடைசியில் ரத்தத்திலேயே மிதக்கும் ஒரு புரதத்தில் போய் நின்றது: ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம். மருந்தின் பெரும்பகுதியை அது பற்றிக்கொண்டது. தொற்றிய செல்லுக்குள் நுழைய மிச்சம் இருந்தது போதவில்லை.

இதைக் கேட்டவுடன் "பிணைப்பு கெட்டது, அதைக் குறைக்க வேண்டும்" என்று முடிவுகட்டுவது வழக்கம். அந்த முடிவு தவறு. டொலுடெக்ராவிர் 98.9 சதவீதமாவது பிணைந்தே இருக்கிறது. பிக்டெக்ராவிர் 99 சதவீதத்துக்கு மேல். இரண்டும் இன்று எச்.ஐ.வி. சிகிச்சையின் முன்வரிசை மருந்துகள். எத்தனை சதவீதம் பிணைந்தது என்பதைவிட, பிணையாமல் இருப்பது எவ்வளவு, வைரஸை அடக்க அது போதுமா என்பதே கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியை நோக்கித்தான் போகின்றன.

படி 1: பிடிக்கும் புரதங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் ஆள் ஆல்புமின். 585 அமினோ அமிலங்கள், சுமார் 66.5 கிலோடால்டன் எடை. கல்லீரலில் உருவாகிறது, அரை ஆயுள் ஏறக்குறைய 19 நாள். ரத்தத்தில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கும், அதாவது மூலக்கூறு எண்ணிக்கைக் கணக்கில் சுமார் 600 மைக்ரோமோலார். எந்த மருந்தும் ரத்தத்தில் இந்தச் செறிவை எட்டுவது அரிது. அதனால் ஆல்புமினை மருந்தால் நிரப்பித் தீர்ப்பது கிட்டத்தட்ட நடக்காது.

ஆல்புமினில் மருந்துகள் உட்காரும் முக்கிய இடங்கள் இரண்டு. 1970-களின் நடுவில் சட்லோ குழுவினர் அடையாளம் காட்டியதால் சட்லோ இடங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. முதலாவது 2ஏ துணைப்பகுதியில், வார்ஃபரின் உட்காரும் இடம். இரண்டாவது 3ஏ துணைப்பகுதியில், ஐபுப்ரோஃபென், டயஸிபாம் போன்றவற்றின் இடம். இவை தவிர கொழுப்பு அமிலங்களுக்கான குழிகளும் உண்டு. மருந்துகள் அவற்றிலும் நுழைவதுண்டு.

இரண்டாவது ஆள் ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம். இனி அமில கிளைக்கோபுரதம் என்று சுருக்கிச் சொல்கிறேன். எடை 41 முதல் 43 கிலோடால்டன். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சர்க்கரைச் சங்கிலிகள். லிட்டருக்கு 0.5 முதல் 1 கிராம்தான், அதாவது 12 முதல் 25 மைக்ரோமோலார். அளவில் சிறிது என்றாலும் காரத்தன்மையுள்ள, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளை இறுக்கமாகப் பிடிக்கும். எச்.ஐ.வி. புரோட்டியேஸ் தடுப்பான்கள் பலவும் இந்த வகைதான். இதில் இரண்டு சிக்கல்கள். அளவு குறைவு என்பதால் மருந்துச் செறிவு ஏறும்போது இது நிரம்பிவிடலாம். அழற்சி வந்தால் இதன் அளவே 2 முதல் 5 மடங்கு வரை ஏறும். வைரஸ் தொற்று என்றாலே அழற்சி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

லிப்போபுரதங்களும் கொழுப்பில் மிகக் கரையும் மூலக்கூறுகளைச் சுமக்கும். பெரும்பாலான கணக்குகளில் அவற்றுக்குச் சின்ன வேடம்தான்.

படி 2: மூலக்கூறைப் பார்த்தே ஓர் ஊகம் வையுங்கள்

சோதனைக்கு முன் ஓர் எதிர்பார்ப்பு இருக்க வேண்டும்; இல்லையென்றால் தப்பான எண் வந்தாலும் தெரியாது. நீரில் கரையும் நியூக்ளியோசைடு வகைகள் புரதத்தைக் கண்டுகொள்வதே இல்லை. எம்ட்ரிசிடபின் 4 சதவீதத்துக்கும் குறைவு, கான்சிக்ளோவிர் 1 முதல் 2 சதவீதம், ஒசெல்டமிவிரின் செயல்படும் வடிவம் 3 சதவீதம். நடுவே நிர்மட்ரெல்விர், சுமார் 69 சதவீதம். மேல்முனையில் லோபினாவிர் 98 முதல் 99, எஃபாவிரென்ஸ் 99.5-க்கு மேல், கபோடெக்ராவிர் 99.8-க்கு மேல்.

ஒரே மருந்துக்குள்ளேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். ரெம்டெசிவிர் 88 முதல் 93.6 சதவீதம் பிணைகிறது. உடலில் அது சிதைந்து உருவாகும் நியூக்ளியோசைடு 2 சதவீதம்தான். முன்மருந்தின் (உடலுக்குள் மாறிய பிறகே வேலை செய்யும் வடிவத்தின்) பிணைப்பை அளந்துவிட்டு "இந்த மருந்தின் பிணைப்பு இவ்வளவு" என்று எழுதுவதற்கு முன், எந்த வடிவத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவுபடுத்துங்கள்.

படி 3: சமநிலை டயாலிசிஸ்

அளக்கும் முறைகளில் இதுதான் அளவுகோல். தத்துவம் எளிது. ஒரு சவ்வின் ஒரு பக்கம் மருந்து கலந்த பிளாஸ்மா, மறுபக்கம் பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபர் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்). சவ்வின் வெட்டு எல்லை 8 முதல் 14 கிலோடால்டன்; அதைவிடச் சிறியதை மட்டும் விடும். மருந்து கடக்கும், புரதம் கடக்காது. 37 டிகிரியில் மெல்ல ஆட்டியபடி வைத்தால் சில மணி நேரத்தில் இருபக்கமும் பிணையாத மருந்தின் செறிவு சமமாகிவிடும். பஃபர் பக்கச் செறிவைப் பிளாஸ்மா பக்கச் செறிவால் வகுத்தால் பிணையாத பங்கு கிடைக்கும்.

செய்முறை இது. பல பேரிடமிருந்து எடுத்துக் கலந்த மனித பிளாஸ்மாவை எடுங்கள். ஹெபாரின் கலந்ததைவிட இ.டி.டி.ஏ. கலந்தது நல்லது, ஹெபாரின் லிப்பேஸ் நொதியைத் தூண்டிக் கொழுப்பு அமிலங்களை ஏற்றிவிடக்கூடும், அவை ஆல்புமினில் மருந்தின் இடத்துக்குப் போட்டியிடும். மருந்தை 1 முதல் 2 மைக்ரோமோலார் அளவில் கலக்குங்கள். மருந்தைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 4 முதல் 6 மணி நேரம் வையுங்கள். முடிந்ததும் பிளாஸ்மா மாதிரியோடு வெறும் பஃபரையும், பஃபர் மாதிரியோடு வெறும் பிளாஸ்மாவையும் சம அளவு சேர்த்து இரண்டையும் ஒரே கலவையாக்குங்கள். பிறகு உள்தரம் (ஒப்பீட்டுக்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) கலந்த அசிட்டோநைட்ரைலால் புரதத்தைப் படியவைத்து, மேலே நிற்கும் திரவத்தை எல்.சி.-எம்.எஸ். (திரவ நிறப்பிரிகையும் நிறை அலைமாலையும் சேர்ந்த) கருவியில் ஓட்டுங்கள். கலவையை ஒன்றாக்கும் வேலையைத் தவிர்த்தால் கருவி இரண்டு மாதிரிகளுக்கும் வெவ்வேறு உணர்திறன் காட்டும். வரும் விகிதத்துக்கு அர்த்தமே இருக்காது.

உதாரணமாக, 2.0 மைக்ரோமோலாரில் தொடங்கி, இருபக்கமும் சமக் கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம். முடிவில் பிளாஸ்மா பக்கம் 1.84, பஃபர் பக்கம் 0.046. பிணையாத பங்கு 0.046-ஐ 1.84-ஆல் வகுத்தால் 0.025, அதாவது 2.5 சதவீதம். அடுத்து மீட்பை, அதாவது போட்ட மருந்தில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பதைப் பாருங்கள்: 1.84-ஐயும் 0.046-ஐயும் கூட்டி 2.0-ஆல் வகுத்தால் 94 சதவீதம். நல்லது. 60 சதவீதம் என்று வந்திருந்தால் மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது சிதைந்திருக்க வேண்டும்.

மாணவர்களின் தரவுகளில் பிழை அதிகம் ஒளிந்திருப்பது மூன்று இடங்களில். முதலாவது பி.எச். பிளாஸ்மாவைத் திறந்து வைத்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பி.எச். 8-ஐ நோக்கி ஏறும். காரத்தன்மையுள்ள மருந்துகளின் எண் இதிலேயே மாறிவிடும். கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டரில் வைப்பதே தீர்வு, முடிவில் பி.எச்.சை மறுபடி அளந்து குறித்துவையுங்கள். இரண்டாவது, சமநிலை உண்மையிலேயே வந்ததா என்பது. கொழுப்பில் மிகக் கரையும் மூலக்கூறுகளுக்கு 6 மணி நேரம் பற்றாது. 6, 12, 24 மணியில் எடுத்துப் பாருங்கள். மூன்றாவது, விலங்கு பிளாஸ்மா. எலி, சுண்டெலி ரத்தத்தில் எஸ்டரேஸ் நொதிகள் துடிப்பானவை. ரெம்டெசிவிர் போன்ற முன்மருந்துகளைச் சுண்டெலி ரத்தம் வேகமாகச் சிதைத்துவிடுவதால்தான், அந்த நொதி நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆய்வில் பயன்படுத்தினார்கள். எலியில் வந்த எண்ணை மனிதனுக்குப் பொருத்தாதீர்கள். அமில கிளைக்கோபுரதத்தின் பிடி இனத்துக்கு இனம் வெகுவாக மாறும்.

ஒவ்வொரு சோதனைத் தட்டிலும் வார்ஃபரினைக் கட்டுப்பாடாக ஓட்டுங்கள். அதன் பிணையாத பங்கு 1 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் அன்றைய தட்டையே ஒதுக்கிவிடுங்கள்.

நுண்வடிகட்டல் வேகமானது, ஆனால் வடிகட்டி மருந்தை உறிஞ்சும். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் முறையில் அந்தத் தொல்லை குறைவு, கருவிதான் எல்லாரிடமும் இருக்காது.

படி 4: 99-க்கு மேல் போனால்

99 சதவீதமும் 99.5 சதவீதமும் பார்ப்பதற்கு ஒன்று போலத் தெரியும். ஆனால் பிணையாத பங்கு 1-லிருந்து 0.5-க்கு, அதாவது பாதியாகிவிட்டது. ஆகவே அறிக்கையில் பிணைந்த சதவீதத்தை எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, பிணையாத பங்கை எழுதுங்கள்.

இந்த எல்லையில் பஃபர் பக்க மருந்து கருவியின் கண்டறியும் அளவுக்குக் கீழே போய்விடும். வழி, பிளாஸ்மாவை நீர்த்துச் செய்வது. 10 மடங்கு நீர்த்த பிளாஸ்மாவில் பிணையாத பங்கு 0.05 என்று வந்தது என்போம். தலைகீழ் 20, அதில் 1 கழித்தால் 19. நீர்ப்பின் தலைகீழ் 0.1. இரண்டையும் கூட்டினால் 19.1. 0.1-ஐ 19.1-ஆல் வகுத்தால் 0.0052. முழு பிளாஸ்மாவில் பிணையாத பங்கு 0.52 சதவீதம். புரதம் நிரம்பாதவரை இந்தக் கணக்கு செல்லும். 5, 10, 20 மடங்கு என்று வெவ்வேறு நீர்ப்புகளில் ஒரே விடை வருகிறதா என்று சோதித்துவிட்டு நம்புங்கள்.

மருந்து ஊடாட்டக் கணக்குகளில் 1 சதவீதத்துக்குக் கீழான எண்ணை ஏற்காமல் 1 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒழுங்குமுறை அமைப்புகளிடம் இருந்தது. மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் அமைப்பான ஐ.சி.எச். 2024-ல் இறுதியாக்கிய எம்12 வழிகாட்டுதல், முறை சரிபார்க்கப்பட்டிருந்தால் அளந்த எண்ணையே பயன்படுத்தலாம் என்கிறது. சரிபார்ப்பு ஆவணங்களை இப்போதே சேர்த்துவையுங்கள்.

படி 5: எந்தப் புரதம், எந்த இடம்?

தூய ஆல்புமின் கரைசலிலும் தூய அமில கிளைக்கோபுரதக் கரைசலிலும் தனித்தனியே டயாலிசிஸ் செய்தாலே பாதி விடை கிடைக்கும். கணக்கு இதுதான்: பிணையாத பங்கு என்பது பிரிகை மாறிலியை (இது சிறியதாக இருந்தால் பிடி இறுக்கம்), அதோடு புரதச் செறிவைக் கூட்டிய தொகையால் வகுத்தது. ஆல்புமின் 600 மைக்ரோமோலார், பிரிகை மாறிலி 60 என்றால் 60-ஐ 660-ஆல் வகுக்க, 9 சதவீதம் பிணையாமல் இருக்கும். அமில கிளைக்கோபுரதம் 15, பிரிகை மாறிலி 1.5 என்றாலும் அதே 9 சதவீதம். அளவில் 40 மடங்கு குறைந்த புரதம் 40 மடங்கு இறுக்கமாகப் பிடித்தால் விளைவு ஒன்றே. வித்தியாசம் செறிவை ஏற்றும்போது வெளிப்படும். 1, 10, 50 மைக்ரோமோலார் மருந்தில் அளந்து, பிணையாத பங்கு ஏறிக்கொண்டே போனால் அமில கிளைக்கோபுரதம் நிரம்புகிறது என்று சந்தேகிக்கலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பலர் நாடுவது ஒளிர்வுத் தணிப்பு. ஆல்புமினில் ஒரே ஒரு டிரிப்டோஃபான்தான், 214-ஆம் இடத்தில், முதல் சட்லோ இடத்தின் அருகிலேயே இருக்கிறது. 295 நானோமீட்டரில் தூண்டினால் 340 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும். மருந்து பக்கத்தில் வந்தால் மங்கும். வார்ஃபரினையோ ஐபுப்ரோஃபெனையோ முதலில் சேர்த்துவிட்டு மறுபடி செய்தால் எந்த இடத்துக்குப் போட்டி என்று தெரியும்.

இந்த முறையில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். மருந்தே 295 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சினால், பிணைப்பு இல்லாமலேயே ஒளிர்வு குறையும். இந்த உள்வடிகட்டல் திருத்தத்தைச் செய்யாமல் வெளியாகும் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. மூன்று வெப்பநிலைகளில் அளந்து, கிடைக்கும் என்தால்பியின் (பிணைப்பின் வெப்ப மாற்றத்தின்) குறியை மட்டும் வைத்து "ஹைட்ரஜன் பிணைப்புதான் காரணம்" என்று எழுதுவதும் அப்படியே. பிரிகை மாறிலி உண்மையிலேயே வேண்டுமென்றால் சமவெப்பக் கலோரிமானியில் அளந்து, டயாலிசிஸ் எண்ணோடு ஒப்பிடுங்கள். கணினி டாக்கிங்கை (மருந்தைப் புரதக் குழியில் கணினியில் பொருத்திப் பார்ப்பதை) விளக்கப்படமாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக அல்ல. ஆல்புமின் நெகிழும் புரதம். எந்தக் குழியில் எதைப் போட்டாலும் டாக்கிங் ஏதோ ஒரு மதிப்பெண் கொடுக்கும்.

படி 6: செல் சோதனையில் சீரத்தைச் சேருங்கள்

வைரஸ் சோதனை வழக்கமாக 10 சதவீதக் கன்றுக்கரு சீரத்தில் நடக்கும். ரத்தத்தில் உள்ள ஆல்புமினில் பத்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை. எனவே 40 அல்லது 50 சதவீத மனித சீரம் சேர்த்து மறுபடி ஓட்டி, வைரஸைப் பாதியாக அடக்கும் செறிவு எத்தனை மடங்கு ஏறியது என்று பாருங்கள். லோபினாவிருக்கு எச்.ஐ.வி.யில் சீரம் இல்லாமல் 10 முதல் 27 நானோமோலார். 50 சதவீத மனித சீரத்தில் 65 முதல் 289 நானோமோலார். அதாவது 7 முதல் 11 மடங்கு.

முழுச் சீரத்தில் செல்கள் ஒழுங்காக வளராது. ஆகவே பல அளவுகளில் அளந்து 100 சதவீதத்துக்கு நீட்டிக் கணக்கிடுவார்கள். அப்படி வரும் எண்தான் புரதத்துக்குத் திருத்திய அடக்கும் செறிவு. டொலுடெக்ராவிருக்கு இது மில்லிலிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம், கபோடெக்ராவிருக்கு 0.166. மருந்தின் ரத்த அளவை இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் டோஸ் பேசப்படுகிறது.

படி 7: இரண்டு எண்களையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள்

நிர்மட்ரெல்விரின் கணக்கு பாடப்புத்தகம் போலச் சுத்தமானது. செல்லில் வைரஸை 90 சதவீதம் அடக்கும் பிணையாத செறிவு 181 நானோமோலார். மூலக்கூறு எடை 499.5 என்பதால் மில்லிலிட்டருக்கு சுமார் 90 நானோகிராம். பிணையாத பங்கு 0.31. 90-ஐ 0.31-ஆல் வகுத்தால் 292 நானோகிராம். ரத்தத்தில் மொத்த மருந்து அடுத்த டோஸ் வரை இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதே இலக்கு.

இப்போது லோபினாவிர். வழக்கமான டோஸில் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 9.8 மைக்ரோகிராம், அதாவது சுமார் 15.6 மைக்ரோமோலார். பிணையாதது 1 முதல் 2 சதவீதம் என்றால் 0.16 முதல் 0.31 மைக்ரோமோலார். எச்.ஐ.வி.க்குத் தேவை 0.01 முதல் 0.027. தாராளமாகப் போதும். 2020-ல் இதே மருந்தைக் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வைரஸைப் பாதியாக அடக்க, ஒரு செல் சோதனையில் சுமார் 26 மைக்ரோமோலார் தேவைப்பட்டது. மொத்த அளவான 15.6-ஐ அதனோடு ஒப்பிட்டால் ஏதோ பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும்; பிணையாத அளவை ஒப்பிட்டால் இடைவெளி நூறு மடங்கை ஒட்டி நிற்கிறது. வூஹானில் 199 பேரிடம் நடந்த சோதனை பலன் இல்லை என்று மார்ச் மாதம் சொன்னது. பிரிட்டனின் ரெக்கவரி சோதனை ஜூன் இறுதியில் அந்தப் பிரிவை மூடியது. மருந்தும் அதேதான், பிணைப்பும் அதேதான். எதிரே நின்ற வைரஸ்தான் வேறு.

படி 8: நோயாளி மாறும்போது எண்ணும் மாறும்

அழற்சியில் அமில கிளைக்கோபுரதம் 15-லிருந்து 45 மைக்ரோமோலாருக்கு ஏறினால், மேலே பார்த்த 1.5 பிரிகை மாறிலிக்குப் பிணையாத பங்கு 9-லிருந்து 3.2 சதவீதமாக விழும். கர்ப்பத்தில் இரண்டு புரதங்களும் குறையும். கல்லீரல் நலிந்தால் ஆல்புமின் குறையும். அப்போது மொத்த அளவு குறைந்து தெரிவதைப் பார்த்து டோஸை ஏற்றிவிட வேண்டாம். முதலில் பிணையாத அளவை அளக்கச் சொல்லுங்கள்.

காரணம் இது. சோதனைக் குழாயில் பிணைப்பைக் குறைத்தால் பிணையாத மருந்து ஏறி, ஏறியபடியே நிற்கும். உடல் அப்படி மூடிய குழாய் அல்ல. பிணைப்பு தளர்ந்து மருந்து விடுபட்டதும் கல்லீரல் அதைக் கூடுதலாக வெளியேற்றும். மொத்த அளவு இறங்கும். பிணையாத அளவு பழைய இடத்துக்கே திரும்பும். வாய்வழி உட்கொண்டு, கல்லீரல் வழியாகக் கழியும் மருந்துக்கு, சராசரியான பிணையாத அளவைத் தீர்மானிப்பவை டோஸ், உறிஞ்சப்படும் பங்கு, கல்லீரல் நொதிகளின் உள்ளார்ந்த வேகம் ஆகியவைதான். பிணையாத பங்கு அந்தச் சூத்திரத்தில் வருவதே இல்லை.

அதனால்தான் "பிணைப்பைக் குறையுங்கள்" என்று வேதியியல் குழுவுக்கு ஆணையிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிணைப்புக் குறைந்த புதிய மூலக்கூறு பெரும்பாலும் வேகமாகக் கழியும். பிணையாத அளவு இருந்த இடத்திலேயே இருக்கும். வைரஸ் மீதான வலிமையைக் கூட்டச் சொல்லுங்கள், அல்லது சிதைவைக் குறைக்கச் சொல்லுங்கள். லோபினாவிரும் நிர்மட்ரெல்விரும் ரிட்டோனாவிரோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது இதற்காகத்தான். ரிட்டோனாவிர் கல்லீரலின் சி.ஒய்.பி.3ஏ நொதியை முடக்க, பிணையாத மருந்து நேரடியாக ஏறுகிறது.

படி 9: பிணைப்பையே கருவியாக்குவது

ஆல்புமினின் 19 நாள் அரை ஆயுளைக் கடன் வாங்கும் மருந்தும் உண்டு. 2018-ல் சீனாவில் அனுமதி பெற்ற அல்புவிர்டைட், எச்.ஐ.வி. செல்லோடு இணைவதைத் தடுக்கும் பெப்டைடு. அதில் உள்ள மேலிமைடு என்ற வேதித் தொகுதி, ஆல்புமினின் 34-ஆவது சிஸ்டீனோடு மீளாத பிணைப்பைப் போட்டுக்கொள்கிறது. அதனால் வாரம் ஒரு ஊசி போதுகிறது. இங்கே டயாலிசிஸ் செய்தால் பிணையாத பங்கு ஏறக்குறைய பூஜ்யம் என்று வரும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யாது என்று முடிவுகட்டினால் தவறு. இந்தப் பெப்டைடு தாக்குவது செல்லுக்கு வெளியே, வைரஸின் மேற்பரப்பில். ஆல்புமினைச் சுமந்தபடியே அது வைரஸைத் தடுக்கிறது. உங்கள் மூலக்கூறின் இலக்கு செல்லுக்கு உள்ளேயா வெளியேயா, பிணைப்பு மீளக்கூடியதா மீளாததா என்ற இரண்டையும் சோதனைத் திட்டத்தின் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள். மேலே சொன்ன கணக்குகளில் எவை பொருந்தும் என்பதை அந்த வரிதான் தீர்மானிக்கும்.